மூன்று நாடுகளுக்கு முன்னால்

எட்வேர்ட் மாஸ்டர் உலக அரசியல் பேசத் தொடங்கினால், எதிரே இருப்பவர் சைக்கிளை ஏற்கெனவே தெருப் பக்கம் திருப்பி வைத்திருந்தால்தான் தப்பலாம். முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். சுன்னாகம் சந்தைக்கு வடக்கே, ரயில் பாதையை ஒட்டிய எங்கள் ஊரில் வெங்காயச் செய்கையாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். வெங்காயம் நட்டு அவருடைய கையில் மண் பட்டதை யாரும் கண்டதில்லை. ஆனால் ஆங்கிலத்தில் கடிதம் எழுத ஊரில் வேறு ஆளும் இல்லை.

எண்பத்துமூன்றாம் ஆண்டு பங்குனியில் டெல்லியில் அணிசேரா நாடுகளின் மாநாடு நடந்தது. அந்த ஒரு வாரமும் மாஸ்டர் வானொலியை விட்டு எழும்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தேவாலய வாசலிலேயே நின்று பிரசங்கத்தை அவர் தொடர்ந்தார்.

"இனி வெள்ளைக்காரன்ரை காலைப் பிடிக்கத் தேவையில்லை. ஏழை நாட்டுக்கு ஏழை நாடுதான் கை குடுக்கப் போகுது. உலகம் மாறுது கண்டீரோ, உலகம் மாறுது!"

உலகம் மாறியது உண்மைதான். அதன் ஒரு துண்டு எங்கள் ஊருக்கும் வந்தது. நேச நாடுகள் சில சேர்ந்து ஒரு நிதியம் வைத்திருந்தன. வடக்கில் ஒரு சங்கத்துக்கு வெங்காயக் களஞ்சியம் கட்டித்தர அந்த நிதியம் சம்மதித்தது. அறுவடை நேரத்தில் எல்லாரும் ஒரேயடியாகக் கிண்டிச் சந்தைக்குக் கொண்டுபோக, விலை விழுந்து, வெங்காயம் தெருவோரம் அழுகுவது எங்கள் ஊரில் வருடா வருடம் நடப்பது. காற்றோட்டமுள்ள களஞ்சியம் ஒன்று இருந்தால் விலை ஏறும்வரை வைத்திருக்கலாம். நல்ல காரியம்தான், அதில் நான் குறை சொல்லவில்லை. ஆனால் நிதியத்துக்கு இரண்டு நிபந்தனைகள் இருந்தன. களஞ்சியத்துக்கான காணியை அங்கத்தவர் ஒருவர் மனமுவந்து இலவசமாகத் தரவேண்டும். சங்கத்தின் இயக்குநர் சபையில் ஊரின் அடிமட்டத்து மக்களும் இருக்கவேண்டும்.

சபை கூடியது. முதலாவது நிபந்தனையை மாஸ்டர் வாசித்ததும் எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். முத்துக்குமாருவுக்கு மட்டும் முப்பது பரப்பு, கிட்டத்தட்ட இரண்டு ஏக்கர், செம்மண் இருந்தது. அவரும் கூரையைத்தான் பார்த்தார், அங்கே ஏதோ பல்லி ஓடுகிறதாம். இரண்டாவது நிபந்தனையை வாசித்ததும் ஒருவர் செருமினார், ஒருவர் வெற்றிலையைத் துப்ப வெளியே போனார். சங்கம் தொடங்கிய நாளிலிருந்து அந்த ஆட்கள் யாரும் அந்தக் கட்டடத்தின் படியேறியதில்லை. உர மூட்டை வாங்க வந்தால் பின் விறாந்தைக்கு வெளியே நின்றுதான் கேட்பார்கள். அப்படிக் கேட்டாலும் அங்கத்தவருக்கு மட்டும்தான் உரம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

முத்துக்குமாருதான் கடைசியில் கூரையிலிருந்து கண்ணை இறக்கினார்.

"மாஸ்டர், அருட்பிரகாசத்தின்ரை வளவு ரோட்டோரம்தானே? லொறி வந்து திரும்பவும் வசதி. கிணறும் கிடக்கு."

"அவன் அங்கத்தவன் இல்லையே" என்றார் மாஸ்டர்.

"ஆக்கினால் போச்சு."

மாஸ்டரின் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்கவேண்டும். இரண்டு நிபந்தனையும் ஒரே ஆளின் தலையில் முடிந்தன.

அருட்பிரகாசம் விடியற்காலையில் பனை ஏறிக் கள்ளுச் சீவுவான், வெயில் ஏறிய பிறகு மற்றவர்களின் தோட்டத்தில் கொத்துவான். அவனுடைய ஆட்கள் எல்லாரும் பிறருடைய வளவுகளில்தான் குடியிருந்தார்கள். அவனுக்கு மட்டும் சொந்தமாக இரண்டு பரப்பு இருந்தது. அவனுடைய தகப்பன் கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை சுமந்து உழைத்து வாங்கியது அது. அதைவிடப் பெரியது அந்தக் கிணறு. தகப்பனும் பெரியதகப்பனும் சேர்ந்து, அலவாங்கால் சுண்ணக்கல்லை உடைத்து உடைத்து இறக்கிய கிணறு. இந்தக் கிணற்றின் அருமை வெளியாருக்கு விளங்காது. எங்கள் ஊரில் மற்றக் கிணறு எதிலும் அவனுடைய ஆட்கள் தண்ணீர் அள்ளும் துலாவைத் தொடக்கூடாது. பெண்கள் குடத்தை வைத்துவிட்டு எட்டத்தில் நிற்கவேண்டும். வளவுக்காரருக்கு மனமும் நேரமும் இருக்கும்போது யாராவது வந்து அள்ளி ஊற்றுவார்கள். அருட்பிரகாசத்தின் கிணற்றில் மட்டும் அவன் மனைவி சின்னத்தங்கமும் சுற்றியுள்ள பெண்களும் தாங்களே துலாவைப் பிடித்து, தங்கள் பாட்டில் அள்ளி, சிரித்துப் பேசிக் குளித்தார்கள். அந்தச் சிரிப்புச் சத்தம் தன் வளவுவரை கேட்கிறது என்று முத்துக்குமாரு அடிக்கடி முறைப்பட்டிருக்கிறார்.

மாஸ்டர் அவனைத் தேடி ஒழுங்கைக்கே போனார். படலைக்கு வெளியே சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு கூப்பிட்டார்.

"அருட்பிரகாசம், உன்னைச் சங்கத்திலை டிரெக்டர் ஆக்கப் போறம்."

அவன் தோளில் கிடந்த துவாயை எடுத்துக் கக்கத்தில் வைத்தான். பகிடிக்குச் சொல்கிறார் என்று நினைத்திருப்பான்.

"நயினார்?"

"மெய்யாத்தான். மூண்டு நாட்டுப் பெரிய மனிசர் வருகினம். நீயும் எங்களோடை கதிரையிலை இருக்கவேணும். பிறகு உனக்கும் விதை வெங்காயம், உரம் எல்லாம் சங்கத்தாலை கிடைக்கும்."

உரத்துக்காக ஐந்தாறு வருடம் பின் விறாந்தையில் நின்று திரும்பியவன் அவன். கண் கலங்கிவிட்டது. "நான் என்ன கதைக்கவேணும் நயினார்? எனக்கு இங்கிலீசு தெரியாதே."

"நீ ஒண்டும் கதைக்க வேண்டாம். அவையள் கேக்கிறதை நான் தமிழிலை சொல்லுவன். நீ ஓம் எண்டு சொன்னால் காணும்."

அது அவனுக்குப் புதிதாகப் பழகவேண்டிய பாடமில்லை. எசமான்மாரான நயினார்மார் என்ன கேட்டாலும் அவனுடைய வாயில் முதலில் வருவது அந்தச் சொல்தான், அவனுடைய தகப்பனுக்கும் அதுதான் வந்தது. காணியைப் பற்றி மாஸ்டர் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

சித்திரை முடிய மூன்று பேர் வந்தார்கள். தன்சானியாவிலிருந்து கிசாங்கா என்ற கூட்டுறவு அதிகாரி, நல்ல உயரமும் அதைவிட நல்ல கறுப்புமாக இருந்தார். யூகோஸ்லாவியாவிலிருந்து பெத்ரோவிச் என்ற கட்டட எஞ்சினியர், காலையிலேயே முகம் சிவந்திருந்தது. இந்தியாவிலிருந்து ராவ் என்ற அதிகாரி. மெலிந்த மனிதர், வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனை. ராவ் என்ற பெயரைக் கேட்டதும் எங்கள் ஆட்கள் அவரை வடக்கத்தியான் என்று முடிவுகட்டிவிட்டார்கள். எம்.ஜி.ஆர் மாதிரிப் பேசாத இந்தியன் எல்லாம் எங்களுக்கு வடக்கத்தியான்தான்.

மாஸ்டரின் மனைவி மியூரியல் அம்மாவுக்குக் காலையிலிருந்தே தலையிடி. கிளாசுகளைப் பற்றிய தலையிடி. அருட்பிரகாசத்துக்குத் தன் வீட்டுக் கிளாசில் தேத்தண்ணி கொடுப்பதாவது! ஆனால் சிரட்டையில் கொடுத்தால் மூன்று நாடும் பார்க்கும். கடைசியில் சந்தையில் ஒரு புதுக் கிளாஸ் வாங்கி, மற்றவற்றைப் போலவே இருக்கும்படி பார்த்து, அடியில் நூல் கட்டி அடையாளம் வைத்தார். கிசாங்காவைக் கண்டதும் உள்ளே ஓடிப்போய், "அந்தக் கறுத்தவருக்கு எதிலை குடுக்கிறது?" என்று கணவரைக் கேட்டார். "அவர் மந்திரிக்கு அடுத்த நிலையிலை இருக்கிறவர்" என்று மாஸ்டர் பல்லைக் கடித்தார். கர்த்தருக்கு முன் எல்லாரும் சமம் என்று வாரா வாரம் பாடுகிற குடும்பம் அது.

சங்க மண்டபத்தில் வட்டமாகக் கதிரை போட்டிருந்தார்கள். அருட்பிரகாசம் வெள்ளை வேட்டி கட்டி, கதிரையின் நுனியில் இருந்தான். பனை உச்சியில் பயமில்லாமல் இருக்கிறவன் அந்தக் கதிரையில் வியர்த்துக் கொட்டினான்.

கிசாங்கா நேரே அவனிடம் திரும்பினார். ஆங்கிலத்தில் கேட்டார்.

"இந்தச் சங்கத்தில் உங்கள் சொல்லுக்கு மற்றவர்களுடைய சொல்லுக்கு உள்ள மதிப்பு உண்டா?"

மாஸ்டர் தமிழில் சொன்னார்: "உனக்குச் சுகமோ எண்டு கேக்கிறார்."

"ஓம் நயினார்."

"உண்டு என்கிறார்" என்று மாஸ்டர் ஆங்கிலத்தில் விளக்கினார். "சொல்லப்போனால், கூட்டங்களில் இவர் பேசிய பிறகுதான் நாங்கள் பேசுவோம்."

கிசாங்கா கெட்டிக்காரர். "நயினார் என்று ஏதோ சொன்னாரே, அதற்கு என்ன அர்த்தம்?"

மாஸ்டர் ஒரு கணம்கூடத் தடுமாறவில்லை. "தோழர் என்று அர்த்தம்."

ராவுக்கு அந்த நேரம் இருமல் வந்தது. கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் குலுங்கினார். பெத்ரோவிச்சுக்கோ சந்தோசம் தாங்கவில்லை. தோழர் என்ற சொல்லைத் தன் நாட்டிலும் காலை மாலை சொல்லுகிறார்களாம். தேத்தண்ணிக் கிளாசைத் தூக்கி, அருட்பிரகாசத்தைப் பார்த்து, "நயினார்!" என்று முழங்கினார். வெள்ளைக்காரன் ஒருவன் தன்னை நயினார் என்று கும்பிடுகிறானே என்று அருட்பிரகாசம் நடுங்கிப் பாதி எழும்பிவிட்டான். முத்துக்குமாருவின் முகத்தில் ஈயாடவில்லை.

"உங்கள் வீட்டாரும் இவர்களும் ஒரே கிணற்றில்தான் தண்ணீர் அள்ளுகிறீர்களா?" என்றார் கிசாங்கா. "என் சின்ன வயதில் எங்கள் ஊரில் வெள்ளையருக்கு ஒரு குழாய், எங்களுக்கு ஒரு குழாய். அதனால்தான் எங்கே போனாலும் தண்ணீரைப் பற்றிக் கேட்பேன்."

"பிள்ளையள் பள்ளிக்கூடம் போகினமோ எண்டு கேக்கிறார்."

"ஓம் நயினார். மூத்தவள் போறாள்."

"ஒரே கிணறுதான் என்கிறார். அவருடைய மூத்த மகள்தான் எங்கள் வீட்டுக்கும் அள்ளித் தருகிறாளாம்."

மாஸ்டர் ஒவ்வொரு முறையும் ராவின் பக்கமும் திரும்பி, "உங்களுக்கு விளங்குகிறதா? மறுபடி சொல்லவா?" என்று ஆங்கிலத்தில் பணிவாகக் கேட்டார். ராவ் ஒவ்வொரு முறையும் தேவையில்லை என்று கையசைத்தார்.

பிறகு எல்லாரும் காணியைப் பார்க்கப் போனார்கள். தன் வளவுக்கு இத்தனை பெரிய மனிதர்கள் எதற்கு வருகிறார்கள் என்று அருட்பிரகாசத்துக்கு விளங்கவில்லை. தன்னைக் கௌரவிக்க வருகிறார்கள் என்று நினைத்தான். முன்னால் ஓடிப்போய்ப் படலையைத் திறந்தான். சின்னத்தங்கம் முற்றத்தைக் கூட்டித் தண்ணீர் தெளித்து வைத்திருந்தாள். பெத்ரோவிச் நாடாவைப் பிடித்து வளவை நீளமும் அகலமுமாக அளந்தார். கிசாங்கா கிணற்றடியில் நின்று, அருட்பிரகாசத்தின் கண்ணைப் பார்த்து, மெதுவாக, நிறுத்தி நிறுத்திக் கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் அவர் அவ்வளவு தூரம் வந்தார் என்று அவருடைய குரலிலேயே தெரிந்தது.

"இந்த நிலத்தை, எவருடைய வற்புறுத்தலும் இல்லாமல், உங்கள் முழு மனதோடு சங்கத்துக்குக் கொடுக்கிறீர்களா?"

மாஸ்டர் சொன்னார்: "உன்ரை கிணத்துத் தண்ணி நல்ல தண்ணியோ எண்டு கேக்கிறார்."

அன்று முழுவதும் ஓம் என்ற ஒரே சொல்லோடு இருந்தவனுக்கு அப்போதுதான் வாய் திறந்தது.

"ஓம் நயினார்! இந்தப் பக்கத்திலை இப்பிடி ஒரு தண்ணி இல்லை. எங்கடை அப்புவும் பெரியப்புவும் கல்லுடைச்சு வெட்டின கிணறு. ஆர் வந்து கேட்டாலும் இல்லையெண்டு சொல்லமாட்டம், சந்தோசமாக் குடுப்பம். அப்பு சாகேக்கையும் அதைத்தான் சொன்னவர்."

மாஸ்டர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். அவருக்கு அன்று பிறந்த நாள் மாதிரி. "தகப்பனார் வெட்டிய கிணற்றோடு சேர்த்துச் சந்தோசமாகக் கொடுக்கிறேன் என்கிறார். கேட்டவருக்கு இல்லை என்று சொல்லாதே என்று தகப்பனார் சாகும்போது சொன்னாராம்."

கிசாங்காவின் கண்கள் நிறைந்துவிட்டன. அந்தப் பெரிய மனிதர் குனிந்து அருட்பிரகாசத்தைக் கட்டிப்பிடித்தார். தன் வாழ்நாளில் தன்னைத் தீண்டிய முதல் துரை அவர்தான் என்று அவன் பிறகு எத்தனையோ பேருக்குச் சொன்னான். சின்னத்தங்கம் துலாவை இழுத்துச் செம்பில் தண்ணீர் அள்ளி வந்து கொடுத்தாள். கிசாங்கா குடித்தார், பெத்ரோவிச் இரண்டு செம்பு குடித்தார். மாஸ்டரும் முத்துக்குமாருவும் இப்போதுதான் தேத்தண்ணி குடித்தோம் என்றார்கள். ராவ் தனக்கு வயிறு சரியில்லை என்று சைகை காட்டிவிட்டு, செம்பைத் தொடாமல் நகர்ந்து நின்றார். போகும்போது அவர் மட்டும் ஒருமுறை திரும்பி அருட்பிரகாசத்தைப் பார்த்தார்.

அன்று மாலை மியூரியல் அம்மா கிளாசுகளைக் கொதிதண்ணீரில் போட்டுக் கழுவினார். நூல் கட்டிய கிளாசை வேலிக்கு வெளியே கொண்டுபோய்க் கல்லில் அடித்து உடைத்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு உள்ளே போய், கிசாங்கா குடித்த கிளாசையும் எடுத்து வந்து உடைத்தார். நேச நாடுகள் இரண்டும் ஒரே குப்பைக் கிடங்குக்குள் போய்ச் சேர்ந்தன.

நிதியம் சம்மதித்துவிட்டது. ஆனி மாதக் கடைசியில் மாஸ்டரும் முத்துக்குமாருவும் ஆட்களோடு வந்து, வீட்டைப் பிரிக்கவேண்டும் என்றார்கள். அருட்பிரகாசத்துக்கு முதலில் விளங்கவேயில்லை.

"எந்த வீட்டை நயினார்?"

"இந்த வீட்டைத்தான். காணியைக் குடுத்தாய் அல்லோ?"

"நான் குடுக்கேல்லை நயினார்! எனக்கு வேறை எங்கை இருக்கு? நான் எப்ப குடுத்தனான்?"

"மூண்டு நாட்டுக்கு முன்னாலை நிண்டு ஓம் எண்டனி. உன்ரை அப்பு சொன்னதெண்டும் சொன்னனி. இனி இல்லையெண்டால் என்ரை மானம் போகட்டும், இலங்கையின்ரை மானம் என்னாகிறது?"

மண் சுவரும் கிடுகுக் கூரையும்தானே, மத்தியானத்துக்குள் பிரித்து முடித்துவிட்டார்கள். காணி உறுதி எழுதுவதைப் பிறகு பார்க்கலாம் என்றார் மாஸ்டர். அவன் குறுக்கே போய் நின்றான், பிடித்துத் தள்ளினார்கள். கிணற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சின்னத்தங்கம் போட்ட ஓலம் ரயில் பாதைக்கு அப்பாலும் கேட்டது. யாரும் வரவில்லை. நாங்களும் வரவில்லை. அவர்களுக்கு முத்துக்குமாருவின் பனங்காணி மூலையில் ஒரு கொட்டில் போட இடம் கிடைத்தது. அதற்கும் அவன் நன்றி சொல்லவேண்டியிருந்தது. அங்கத்தவன் ஆகிவிட்டான் என்பதால் ஒரு மூட்டை உரமும் கொடுத்தார்கள். போட நிலம் இல்லாமல் அது கொட்டிலின் மூலையில் கட்டியாகிக் கிடந்தது.

அடுத்த மாதம் ஆடிக் கலவரம். கொழும்பிலிருந்து எங்கள் சனம் கப்பலில் வந்து இறங்கிக்கொண்டிருந்தபோது வெங்காயத்தை யார் நினைத்தார்கள். நிதியம் கையை இழுத்துக்கொண்டது. களஞ்சியம் வரவில்லை. ஆனால் காணியும் திரும்பி வரவில்லை. அத்திவாரத்துக்கு வெட்டிய கிடங்கில் மாரி மழை நிரம்பித் தவளை கத்தியது. கிணறு மட்டும் சும்மா கிடக்கக்கூடாது என்று முத்துக்குமாரு அதில் இயந்திரம் பூட்டித் தன் வெங்காயத்துக்கு இறைத்தார். சின்னத்தங்கம் தன் மாமன் வெட்டிய கிணற்றுக்குக் குடத்தோடு போய், எட்டத்தில் நின்றாள். முத்துக்குமாருவின் ஆள் இறைப்பு முடித்து, சுருட்டும் பற்றி முடித்த பிறகு, அள்ளி ஊற்றுவான். சில நாள் மறந்துபோய்விடுவான்.

ஒரு இயக்கத்துப் பெடியனிடம் போய் அருட்பிரகாசம் முறையிட்டான். அவன் துவக்கை மடியில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டான். "முதலிலை நாடு கிடைக்கட்டும் அண்ணை. உந்தப் பிரச்சினையளைப் பிறகு ஒண்டாப் பாப்பம்" என்றான். பெடியனின் தாய்மாமன் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அருட்பிரகாசத்துக்கு ஒரு நம்பிக்கை மிஞ்சியிருந்தது. அந்த நம்பிக்கையை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது. மாஸ்டர் மாற்றிச் சொல்லி ஏமாற்றிவிட்டார் என்று அவனுக்கு விளங்கிவிட்டது. ஆனால் அந்த மூன்று துரைமாரும் நல்லவர்கள், அவர்களுக்கு உண்மை தெரியாது, தெரிந்தால் விட்டிருக்கமாட்டார்கள் என்று நம்பினான். கட்டிப்பிடித்த மனிதர் ஏமாற்றுவாரா? அவர்கள் என்றோ ஒருநாள் திரும்பி வருவார்கள். வரும்போது மாஸ்டர் இடையில் இல்லாமல், தானே அவர்களுடைய பாஷையில் ஒரு வசனம் சொன்னால் போதும்.

எங்கள் பக்கத்துத் திருநெல்வேலியில் ரியூசன் கொட்டில் நடத்திய கிறிஸ்துநாயகம் அவனுக்கு அந்த வசனத்தைக் கற்றுக்கொடுத்தான். கள்ளுக்கு ஆசைப்பட்டுத்தான். ஒரு போத்தலுக்கு ஒரு சொல் என்று பேச்சு. வசனம் இதுதான்: ஐயா, நான் என் காணியைக் கொடுக்கவில்லை. ஆங்கிலத்தில் அதைச் சொல்ல அவனுடைய நாக்கு புரளவில்லை. கிறிஸ்துநாயகம் சிரித்துச் சிரித்து, ஊற்றி ஊற்றித் திருத்தினான். பனை உச்சியில் பாளையைத் தட்டிக்கொண்டு அருட்பிரகாசம் அந்த வசனத்தைச் சொல்வது கீழே போகிறவர்களுக்குக் கேட்கும். சிறுவர்கள் அவனுக்கு இங்கிலீசுக்காரன் என்று பட்டம் வைத்தார்கள். செல்குண்டு விழுந்த நாட்களிலும் சொன்னான். மூத்த மகள் காய்ச்சலில் செத்த வாரம் மட்டும் சத்தம் கேட்கவில்லை, பிறகு மறுபடி கேட்டது.

எண்பத்தேழில் ஒப்பந்தம் கைச்சாத்தாகி இந்திய இராணுவம் வந்தது. மாலை போட்டோம், ஆராத்தி எடுத்தோம். சண்டை திரும்பவும் மூள்வதற்கு முன்னால் கிடைத்த அந்தச் சில கிழமைகளில் எல்லாரும் திட்டம் திட்டம் என்று அலைந்தார்கள். பழைய திட்டங்களைத் தூசி தட்டிப் புனரமைப்பு என்று பெயர் வைத்தார்கள். மாஸ்டர் இப்போது பிரசைகள் குழுவுக்கும் தலைவர். ஒரு காலை இராணுவ ஜீப்புக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கார் எங்கள் ஊருக்குள் வந்தது. காரிலிருந்து இறங்கியவர் ராவ். தலை நரைத்திருந்தது, சட்டைப்பையில் அதே இரண்டு பேனை. களஞ்சியத்தை இந்தியாவே கட்டித்தரப் போகிறதாம். அத்திவாரக் கல் நாட்ட வந்திருக்கிறார்.

செய்தி கேட்டு அருட்பிரகாசம் பாதிப் பனையிலிருந்து இறங்கி ஓடிவந்தான். இடுப்பில் கத்திக்கூடோடு வந்தவனை ஒரு சிப்பாய் மறித்துக் கூட்டைப் பறித்தான். நெஞ்சில் பனை உரசிய காயங்களோடு, வேர்த்து விறுவிறுக்க, தன் வளவுக்குள் நுழைந்தான். கல்லுக்கு மேல் பூவைத்து, முத்துக்குமாரு தேங்காயோடு தயாராக நின்றார். கிணற்றுக்கு எட்டத்தில் சின்னத்தங்கம் குடத்தோடு நின்றாள். அன்றைக்கு இவ்வளவு பேர் கூடியதில் அவளுக்கு ஊற்ற ஆளில்லை.

மாஸ்டர் அவனைக் கண்டுவிட்டார். "டேய், பிறகு வா" என்று இடையில் வந்து நின்றார். அருட்பிரகாசம் வாழ்க்கையில் முதல்தடவையாக மாஸ்டரின் தோளைத் தொட்டு ஒதுக்கினான். ராவின் முன்னால் போய் நிமிர்ந்து நின்றான். நாலு வருடமாகப் பனை உச்சியில் சொல்லிப் பழகிய வசனத்தை, ஒரு எழுத்துப் பிசகாமல், ஆங்கிலத்தில் சொன்னான்.

"ஐயா, நான் என் காணியைக் கொடுக்கவில்லை."

மாஸ்டருக்கு நெற்றியில் வியர்வை துளிர்த்தது. ராவ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு அவனைப் பார்த்தார். கோபமே இல்லாமல், அன்பாகவே, தமிழில் சொன்னார்.

"தெரியும்ப்பா. அன்னிக்கே தெரியும்."

அருட்பிரகாசத்தின் வாய் திறந்தபடி இருந்தது. "ஐயாவுக்குத் தமிழ் தெரியுமோ?"

"நான் கும்பகோணத்துல பொறந்தவன். நீ கிணத்தைப் பத்திச் சொன்னதெல்லாம் நல்லா ஞாபகம் இருக்கு."

பிறகு அவர் மாஸ்டரின் பக்கம் திரும்பினார். மாஸ்டர் செத்தவர் மாதிரி நின்றார்.

"பயப்படாதீங்க சார். அழகாத்தான் மொழிபெயர்த்தீங்க. அந்த நயினார் இருக்கே, இன்னும் நெனைச்சு நெனைச்சுச் சிரிப்பேன். எங்க ஊர்லயும் இப்பிடித்தான் வேலை நடக்கும். இல்லேன்னா ஒரு கட்டடம் எழும்புமா?"

மாஸ்டருக்கு உயிர் திரும்பியது. முதலில் மெதுவாக, பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். முத்துக்குமாருவும் சிரித்தார். சிரித்த வேகத்தில் தேங்காயை ஓங்கிக் கல்லில் உடைத்தார். சரிபாதியாக உடைந்தது, நல்ல சகுனம் என்று எல்லாரும் சொன்னார்கள்.

அருட்பிரகாசம் நின்ற இடத்திலேயே நின்றான். அவனிடம் இருந்த ஆங்கிலம் அவ்வளவுதான். கிசாங்கா எங்கே என்று கேட்க நினைத்திருப்பான் போல, அந்த வெள்ளைக் காரின் பக்கம் ஒருமுறை பார்த்தான். மல்லாகத்திலிருந்து வந்த படப்பிடிப்பாளர் முக்காலியை நாட்டி, எல்லாரையும் கல்லுக்குப் பின்னால் வரிசையாக நிற்கச் சொன்னார். ராவ் திரும்பிப் பார்த்துக் கை நீட்டினார்.

"வாப்பா, நீயும் வந்து நில்லு. நெலம் கொடுத்தவர் இல்லாம படமா?"

ஒரு சிப்பாய் அவனை மெல்ல முன்னால் தள்ளிவிட்டான். அவன் போய் ராவுக்கும் மாஸ்டருக்கும் நடுவில் நின்றான். இரண்டு பேரும் அவன்மேல் முட்டாமல் கொஞ்சம் விலகி நின்றார்கள். படப்பிடிப்பாளர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு, பிறகு வெளியே எடுத்து, வரிசையைப் பார்த்துக் கேட்டார்.

"எல்லாரும் சரியோ?"

மற்றவர்கள் ஏற்கெனவே சிரித்தபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அருட்பிரகாசம்தான் பதில் சொன்னான்.

"ஓம் நயினார்."